48 சதவீதம் வென்றும் நட்டம் ஏன்? கால்பந்துப் பந்தயத்தில் முதலுக்கு மோசமில்லாத ஆட்ஸும் தொகை வைக்கும் முறைகளும்

மூலைக்கொடி கேட்டது:

கால்பந்து லீக் ஆட்டங்களில் நான் வைத்த பந்தயங்களை ஒரு பருவம் முழுவதும் தசம ஆட்ஸுடன் (வென்றால் ஒரு அலகுக்கு, போட்டதும் சேர்த்துக் கைக்கு வரும் தொகை) ஏட்டில் பதிந்து வந்திருக்கிறேன். எந்த ஆட்டமானாலும் ஒரே தொகை, அதாவது ஒரு அலகு, என்பதை விடாமல் கடைப்பிடித்தேன். ஏறத்தாழ பாதிப் பந்தயங்கள் 1.50 அளவிலான ஆட்ஸில் பலம் மிகுந்த அணியின் மீது வைத்தவை. மறுபாதி 3.00 அளவிலான ஆட்ஸில், பெரும்பாலும் வெளியூர் அணி வெல்லும் என்றோ ஆட்டம் டிராவில் முடியும் என்றோ வைத்தவை. ஆகவே சராசரி ஆட்ஸ் 2.25 ஆகிறது. ஒன்றை 2.25 ஆல் வகுத்தால் 44.4 சதவீதம் கிடைக்கிறது. நூற்றுக்கு 45 பந்தயங்கள் வென்றாலே முதலுக்கு மோசமில்லை என்பதே இந்தக் கணக்கின் பொருள். என் வெற்றி வீதமோ 48 சதவீதம். இருந்தும் வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்தால், வைத்த மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு கைவிட்டுப் போயிருக்கிறது.

பந்தயத்தில் பழக்கமுள்ள சிலரிடம் கேட்டபோது, கணிப்புகளில் குறையில்லை, ஒரே தொகை வைத்ததுதான் குறை என்றார்கள். தோற்ற பிறகு தொகையை இரட்டிப்பாக்கச் சொன்னார் ஒருவர். டிரா ஆட்டங்களுக்கு ஃபிபோனச்சி வரிசைப்படி தொகையை ஏற்றச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் கெல்லி சூத்திரத்தைப் பரிந்துரைத்தார். முதலுக்கு மோசமில்லாத எல்லையைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி என்பதையும், தொகை வைக்கும் முறையை மட்டும் மாற்றினால் இதே கணிப்புகள் லாபமாக மாறுமா என்பதையும் அறிந்தவர்கள் கணக்கோடு விளக்க வேண்டுகிறேன்.

கணக்கேடு எழுதியது:

நண்பரே, உங்கள் கூட்டலில் பிழை இல்லை. சராசரி எடுத்த இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. 1.50 ஆட்ஸில் வைக்கும் பந்தயம் மூன்றில் இரண்டு முறை, அதாவது 66.7 சதவீதம், வென்றால்தான் போட்டது திரும்பி வரும். 3.00 ஆட்ஸில் வைப்பதற்கு மூன்றில் ஒரு முறை, 33.3 சதவீதம், போதும். இரண்டும் பாதிப் பாதியாகக் கலந்திருக்கும்போது தேவையான வெற்றி வீதம் இந்த இரண்டு சதவீதங்களின் சராசரியான 50 ஆகும். ஆட்ஸ்களின் சராசரியைத் தலைகீழாக்கிக் கிடைத்த 44.4 ஆகாது. பெரிய ஆட்ஸ்கள் சராசரியை மேலே இழுக்கும் அளவுக்குத் தேவையான வெற்றி வீதத்தைக் கீழே இழுப்பதில்லை என்பதால், ஆட்ஸ்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றனவோ அவ்வளவுக்கு இந்த வேறுபாடு பெருகும். எனவே ஒவ்வொரு பந்தயத்துக்கும் எதிரே ஒன்றை ஆட்ஸால் வகுத்து வரும் எண்ணைத் தனி நிரலில் எழுதி, கடைசியில் அந்த நிரலைக் கூட்ட வேண்டும்.

அப்படிக் கூட்டினாலும், ஒரே தொகை வைப்பவருக்கு மொத்த வெற்றி வீதம் முழுக் கதையையும் சொல்லாது. 1.50 பிரிவில் 65 சதவீதமும் 3.00 பிரிவில் 31 சதவீதமும் வென்றிருந்தால் மொத்தம் 48 சதவீதம். முதல் பிரிவில் நூறு அலகுக்கு 97.5 திரும்பும், இரண்டாவதில் 93 திரும்பும். சேர்த்துப் பார்த்தால் 4.75 சதவீத நட்டம். நீங்கள் சொல்லும் நட்டம் இதற்கு மிக அருகில் இருக்கிறது. அதே 48 சதவீதம் 58 என்றும் 38 என்றும் பிரிந்திருந்தால், முதல் பிரிவில் 87, இரண்டாவதில் 114 என்று திரும்பி, அரை சதவீத லாபம் கிடைத்திருக்கும். வெற்றி எந்த ஆட்ஸில் விழுந்தது என்பதை விட்டுவிட்டு எத்தனை முறை வென்றோம் என்பதை மட்டும் பேசுவது ஒரே தொகை முறைக்குப் பொருந்தாது.

வெற்றி எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முறை ஒன்று உண்டு. வென்றால் கைக்கு வரும் தொகை எப்போதும் ஒரு அலகாக இருக்கும்படி, 1.50 ஆட்ஸுக்கு 0.667 அலகும் 3.00 ஆட்ஸுக்கு 0.333 அலகும் வைத்தால், லாபம் என்பது வென்ற பந்தயங்களின் எண்ணிக்கையிலிருந்து அந்த நிரலின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவதே ஆகும். உங்கள் கலவையில் நூறு பந்தயங்களுக்கு வைக்கும் மொத்தம் 50 அலகு, திரும்புவது 48, நட்டம் 4 சதவீதம். பெரிய ஆட்ஸில் தொகை குறைவதால் ஏற்ற இறக்கமும் தணியும். எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் இது லாபம் தரும் என்பதற்காக அல்ல, ஏட்டைத் தெளிவாகப் படிக்க உதவும் என்பதற்காக.

அடுத்தது புக்மேக்கரின் மார்ஜின், அதாவது பந்தயம் ஏற்பவர் ஆட்ஸுக்குள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் பங்கு. ஓர் ஆட்டத்துக்கு உள்ளூர் அணி 2.10, டிரா 3.40, வெளியூர் அணி 3.60 என்று ஆட்ஸ் இருப்பதாகக் கொள்வோம். இவற்றின் தலைகீழ் எண்கள் 47.6, 29.4, 27.8, கூட்டினால் 104.8. நூறுக்கு மேலுள்ள இந்த 4.8 தான் மார்ஜினின் தடயம். மூன்றையும் 1.048 ஆல் வகுத்தால் 45.4, 28.1, 26.5 என்று வரும். மார்ஜின் இல்லாத ஆட்ஸ் முறையே 2.20, 3.56, 3.77 ஆக இருந்திருக்கும். ஆட்டத்தைப் பற்றி எதுவும் அறியாமல் பந்தயம் வைப்பவர் நூறு அலகுக்கு ஏறத்தாழ 95.4 அலகைத் திரும்பப் பெறுவார். உங்கள் நட்டமும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணிப்புகள் ஆட்ஸைவிட மோசமாகவும் இல்லை, மேலாகவும் இல்லை என்றுதான் இப்போதைக்கு அது காட்டுகிறது. ஐந்து ஆட்டங்களை ஒரே கூட்டுப் பந்தயமாகக் கோத்தால் இந்த 95.4 சதவீதம் ஐந்து முறை பெருக்கப்பட்டு 79 சதவீதமாகச் சுருங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புக்மேக்கரிடம் அல்லாமல், பந்தயக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராக வைக்கும் பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் வைப்பவர்கள், லாபத்தில் பிடிக்கப்படும் கமிஷனையும் கழித்தே எல்லையைக் காண வேண்டும். 5 சதவீதக் கமிஷன் இருந்தால், 2.10 ஆட்ஸ் உண்மையில் 2.045 மட்டுமே, தேவையான வெற்றி வீதம் 47.6 இலிருந்து 48.9 ஆக உயர்ந்துவிடும்.

நடுக்களம் எழுதியது:

எல்லையைக் கணக்கேடு தெளிவாக விளக்கிவிட்டார்; தொகை வைக்கும் முறைகளைப் பற்றி நான் சொல்கிறேன். எந்த முறையானாலும், எதிர்பார்க்கத்தக்க லாப நட்டம் என்பது ஒவ்வொரு பந்தயத்திலும் வைத்த தொகையை அந்தப் பந்தயத்தின் சாதகத்தால், அதாவது ஒரு அலகுக்குச் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க லாபத்தால், பெருக்கி, அவற்றைக் கூட்டி வருவதே. ஒவ்வொரு பந்தயத்திலும் சாதகம் எதிர்மறையாக இருந்தால், தொகைகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூட்டுத்தொகை எதிர்மறையாகவே இருக்கும். தோல்விக்குப் பின் தொகையை ஏற்றும் முறைகள் சராசரித் தொகையையும் ஏற்றுவதால், எதிர்பார்க்கத்தக்க நட்டத்தையும் ஏற்றுகின்றன. சிறு லாபங்கள் அடிக்கடி வருவதும் பெரும் நட்டம் எப்போதாவது ஒரே அடியாக வருவதும்தான் அவற்றில் மாறுகிறது.

இரட்டிப்பு முறையை, அதாவது மார்ட்டிங்கேலை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்ஸ் 2.00 ஆக இருந்தால் எந்தக் கட்டத்தில் வென்றாலும் ஒரு அலகு லாபம் நிற்கும் என்பதே அதன் கவர்ச்சி. கால்பந்தில் இரு பக்கமும் ஏறத்தாழ சமமான பந்தயங்களுக்குக் கிடைப்பது 1.90 சுற்றிய ஆட்ஸ்தான். அதில் முதல் பந்தயத்திலேயே வென்றால் 0.9 அலகு லாபம்; இரண்டாவதில் வென்றால் 0.8, மூன்றாவதில் 0.6, நான்காவதில் 0.2. ஐந்தாவதில் 16 அலகு வைத்து வென்றாலும் 14.4 தான் லாபமாகக் கிடைக்கிறது. அதற்குள் இழந்ததோ 15. வென்ற பிறகும் 0.6 அலகு நட்டம் என்ற நிலைக்கு ஐந்தே கட்டங்களில் வந்துவிடுகிறோம். இதைச் சரிக்கட்ட இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது கைமுதல் இன்னும் விரைவாகக் கரையும். தொடர் தோல்வி அரிது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. வெற்றிக்கும் தோல்விக்கும் சம வாய்ப்புள்ள 500 பந்தயங்களில், எங்கோ ஓரிடத்தில் ஏழு தோல்விகள் அடுத்தடுத்து வருவதற்கான நிகழ்தகவு 85 சதவீதத்துக்கும் மேல். இரட்டிப்பில் ஏழு தோல்வி என்றால் 127 அலகு போய்விட்டது, அடுத்துத் தேவைப்படுவது 128.

டிராவுக்கான ஃபிபோனச்சி முறைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது உண்மைதான். முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததை வைத்து 1, 1, 2, 3, 5 என்று ஏறும் தொகையில், எந்தக் கட்டத்தில் வென்றாலும் முன்பு இழந்ததெல்லாம் மீள வேண்டுமானால் ஆட்ஸ் ஏறத்தாழ 2.62 க்கு மேல் இருக்க வேண்டும். டிரா ஆட்ஸ் பெரும்பாலும் 3.00 க்கு மேல் இருப்பதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆனால் டிரா வராமலே போகும் தொடர்களைப் பற்றி அந்த நிபந்தனை எதுவும் சொல்வதில்லை. பத்து ஆட்டங்கள் தொடர்ந்து டிரா இல்லாமல் முடிந்தால் 143 அலகு போயிருக்கும், பதினோராவது பந்தயத்துக்கு 89 அலகு வேண்டும். டிராவின் உண்மையான வாய்ப்பு 28 சதவீதமும் ஆட்ஸ் 3.40 உம் ஆக இருக்கும் வரை, ஒவ்வொரு அலகும் சராசரியாக 4.8 சதவீதத்தை இழந்துகொண்டேதான் இருக்கும்.

கெல்லி சூத்திரம் இவற்றோடு சேர்த்துப் பேசத்தக்கதல்ல. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி 1956 இல், தகவல் தொடர்புக் கோட்பாட்டிலிருந்து இதை வருவித்தார். ஆட்ஸை உங்கள் மதிப்பீட்டு நிகழ்தகவால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது சாதகம்; அதை, ஒன்று குறைத்த ஆட்ஸால் வகுத்தால், கைமுதலில் எத்தனை பங்கு வைக்கலாம் என்பது கிடைக்கும். 2.10 ஆட்ஸில் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று நீங்கள் உறுதியாக அறிந்தால் சாதகம் 0.05, அதை 1.10 ஆல் வகுத்தால் கைமுதலில் 4.5 சதவீதம். அதே 0.05 சாதகம் 1.50 ஆட்ஸில் இருந்தால் 10 சதவீதமும், 3.00 ஆட்ஸில் இருந்தால் 2.5 சதவீதமும் வைக்கச் சொல்லும். சாதகம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் ஒன்றும் வைக்காதே என்பதே சூத்திரத்தின் விடை. உங்கள் ஏட்டை அப்படியே கெல்லியிடம் கொடுத்தால் அது சொல்லும் தொகை பூஜ்யம்தான்; அந்த விடையைத் தயங்காமல் ஏற்க வேண்டும் என்று உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

சாதகம் உள்ளவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. மேலே சொன்ன 50 சதவீதம் உண்மையில் 47 ஆக இருந்தால், 4.5 சதவீதம் வைத்த பந்தயம் சாதகமே இல்லாத பந்தயமாகிவிடுகிறது. மூன்று சதவீதப் புள்ளிகளுக்குள் ஒரு கால்பந்து ஆட்டத்தை மதிப்பிடுவது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். சரியான கெல்லி அளவைப் போல் இரு மடங்கு வைத்தால் நீண்டகால வளர்ச்சி ஏறத்தாழ பூஜ்யமாகிவிடும். அதற்கு மேல் வைத்தால், சாதகம் இருந்தும் கைமுதல் தேயும். மதிப்பீடு மிகச் சரியாக இருந்தாலும்கூட, முழுக் கெல்லியில் கைமுதல் எப்போதாவது பாதியாகச் சரிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. அரைக் கெல்லியில், அதாவது சூத்திரம் சொல்வதில் பாதியை வைத்தால், அது எட்டில் ஒன்றாகக் குறைகிறது. பலர் கால் கெல்லியோடு நிறுத்திக்கொள்வதற்கும், ஒரே நேரத்தில் நடக்கும் பல ஆட்டங்களுக்கு அதையும் பகிர்ந்து வைப்பதற்கும் இதுவே காரணம்.

மூலைக்கொடி தொடர்ந்து கேட்டது:

இருவருக்கும் மிக்க நன்றி. பிரிவு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கணக்கேடு ஊகித்த 65, 31 என்ற பிரிவுக்கு மிக அருகில்தான் வருகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சாதகம் இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல எத்தனை பந்தயங்கள் வேண்டும்? அடுத்ததாக, ஏட்டில் சில ஏஷியன் ஹேண்டிகேப் பந்தயங்களும், அதாவது ஓர் அணியின் கோல் கணக்கில் கற்பனையாகக் கூட்டியோ கழித்தோ முடிவைத் தீர்மானிக்கும் பந்தயங்களும், உள்ளன. அவற்றில் டிரா வந்தால் பாதித் தொகை திரும்புவதால், ஒன்றை ஆட்ஸால் வகுக்கும் முறை பொருந்துமா?

கோல்கம்பம் எழுதியது:

முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன். அது மனத்துக்கு உவப்பான விடையாக இருக்காது. 1.91 ஆட்ஸில் ஒரு அலகு வைக்கும் பந்தயத்தின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 0.95 அலகு. நூறு பந்தயங்களுக்குப் பின் உங்கள் லாப வீதத்தில் 9.5 சதவீதப் புள்ளிகள் அளவுக்குத் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் வரும் வழக்கமான விலகல், இருக்கும். ஆயிரம் பந்தயங்களுக்குப் பின்னும் அது 3 ஆக இருக்கும். உண்மையிலேயே 3 சதவீத சாதகம் உள்ள ஒருவர், அதைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட, இரு திட்டப் பிழை என்ற வழக்கமான அளவுகோலின்படி நாலாயிரம் பந்தயங்கள் வைத்திருக்க வேண்டும். உங்களுடையதைப் போல் பாதி 1.50, பாதி 3.00 என்று கலந்திருந்தால் திட்ட விலக்கம் 1.12 ஆக உயர்ந்து, ஐயாயிரத்து ஐந்நூறு பந்தயங்கள் தேவைப்படும். ஒரு பருவத்தின் ஏடு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது. ஐந்து சதவீத நட்டம் சாதகமின்மையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவவில்லை. ஐந்து சதவீத லாபம் வந்திருந்தால் அதுவும் சாதகத்தை நிறுவியிருக்காது. ஆனால் சாதகம் இருக்கிறது என்று நிறுவும் பொறுப்பு பந்தயம் வைப்பவர் மீதுதான் இருக்கிறது, ஏனெனில் மார்ஜின் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது.

இதைவிட விரைவாகத் தகவல் தருவது இறுதி ஆட்ஸோடு ஒப்பிடுவதுதான். ஆட்டம் தொடங்கும் தறுவாயில் நிற்கும் ஆட்ஸில், காயங்கள், அணித் தேர்வு, அதுவரை வந்த பெரும் பந்தயங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். நீங்கள் உள்ளூர் அணியின் மீது 2.10 இல் வைத்தீர்கள், இறுதியில் ஆட்ஸ் 1.95, 3.60, 4.00 என்று நின்றது என்றால், தலைகீழ்களின் கூட்டு 104.1, மார்ஜின் நீக்கினால் உள்ளூர் அணியின் வாய்ப்பு 49.3 சதவீதம். அதை 2.10 ஆல் பெருக்கினால் 1.035, அதாவது 3.5 சதவீத சாதகம். ஆட்டத்தின் முடிவு இந்த எண்ணைத் தொடுவதே இல்லை என்பதால் இதன் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சில நூறு பந்தயங்களிலேயே போக்கு தெரிந்துவிடும். பரபரப்பான பெரிய லீக்குகளில் இதை நம்பலாம். பந்தயப் பணம் குறைவாகப் புழங்கும் சிறு லீக்குகளில் இறுதி ஆட்ஸ் அவ்வளவு கூர்மையானதாக இருக்காது.

ஓரிடத்தில் மட்டும் கணக்கேட்டுடன் மாறுபடுகிறேன். மார்ஜினை மூன்று முடிவுகளிலிருந்தும் ஒரே விகிதத்தில் நீக்குவது எளிய தோராயம். வாய்ப்புக் குறைந்த முடிவுகளின் ஆட்ஸில் மார்ஜின் கூடுதலாகவும், வாய்ப்பு மிகுந்தவற்றில் குறைவாகவும் ஏற்றப்பட்டிருப்பது பந்தயச் சந்தைகளில் பலமுறை காணப்பட்டது. குதிரைப் பந்தயத்தில் இதைக் கிரிஃபித் என்ற ஆய்வாளர் 1949 இலேயே எழுதினார். 1990களின் தொடக்கத்தில் ஷின் என்ற ஆய்வாளர் தந்த முறை இந்தச் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மூன்று முடிவுகளும் 2.00 முதல் 4.00 வரையிலான ஆட்ஸில் நெருங்கி நிற்கும்போது வேறுபாடு சிறிது. 1.20 க்கு எதிராக 15.00 நிற்கும் ஆட்டத்திலோ, விகித முறை பலவீனமான அணியின் வாய்ப்பை மிகையாகக் காட்டிவிடும். உங்கள் 3.00 பிரிவில் நட்டம் கூடுதலாக இருப்பதற்கும் இது ஓரளவு காரணமாக இருக்கலாம்.

கணக்கேடு எழுதியது:

கோல்கம்பம் சொன்ன திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன்.

ஹேண்டிகேப் பற்றிய ஐயத்துக்கு வருவோம். நேரடியாக ஒன்றை ஆட்ஸால் வகுக்கும் முறை அங்கே பொருந்தாது. உள்ளூர் அணி வெல்ல 45, டிரா 28, தோற்க 27 சதவீதம் வாய்ப்பு என்று கொள்வோம். ஹேண்டிகேப் பூஜ்யம் என்றால் டிராவில் முழுத் தொகையும் திரும்பிவிடும். ஆகவே டிராவை ஒதுக்கிவிட்டு 45 ஐ 72 ஆல் வகுத்தால் 62.5 சதவீதம், முதலுக்கு மோசமில்லாத ஆட்ஸ் 1.60. உள்ளூர் அணிக்கு மைனஸ் 0.25 என்றால், தொகையில் பாதி பூஜ்யத்திலும் பாதி மைனஸ் 0.5 இலும் நிற்பதால், டிராவில் பாதித் தொகை போகும். அப்போது இழப்பின் எடை 27 உடன் 28 இன் பாதியான 14 ஐச் சேர்த்து 41. அதை 45 ஆல் வகுத்தால் 0.911, எல்லை 1.911. எதிரணிக்குப் பிளஸ் 0.25 என்று வைத்தால் டிராவில் பாதித் தொகைக்கு லாபம் உண்டு. 45 ஐ 41 ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட, எல்லை 2.098.

மைனஸ் 0.25 இல் நூற்றுக்கு 45 முறை மட்டுமே முழுமையாக வெல்கிறோம், ஒன்றை 1.911 ஆல் வகுத்தால் வருவதோ 52.3. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், நட்டமே இல்லாத பந்தயத்தை நட்டம் என்று எண்ணிவிடுவார். எனவே இந்தப் பந்தயங்களை வெற்றி, தோல்வி என்று இரண்டாகக் குறிக்காமல், முழு வெற்றி, பாதி வெற்றி, தொகை திரும்பியது, பாதித் தோல்வி, முழுத் தோல்வி என்று ஐந்தாகக் குறியுங்கள். 48 சதவீதம் என்ற உங்கள் எண்ணிலிருந்து இவற்றை முதலில் வெளியே எடுத்துவிட்டு, மீதியை மட்டும் 1.50, 3.00 பிரிவுகளில் மறுபடியும் கூட்டிப் பாருங்கள். ஹேண்டிகேப் பந்தயங்கள் எத்தனை இருந்தன என்பதைப் பொறுத்து அந்த 65 உம் 31 உம் சற்று நகரக்கூடும்.